பூம்பாறைக்குத் தோழிகளாகப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொடைக்கானலுக்கு மேற்கே உள்ள பூம்பாறைக்குப் பெண்களாகச் சேர்ந்து போக விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எளியவற்றை முதலிலும் சிக்கலானவற்றைப் பின்னாலும் வைத்து விடை எழுதியிருக்கிறேன். கல்லூரி மாணவியர், வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளை இரண்டு நாள் கணவரிடமோ பாட்டியிடமோ ஒப்படைத்துவிட்டு வர நினைக்கும் அம்மாக்கள் என மூன்று தரப்பினரும் கேட்டவை இதில் கலந்திருக்கின்றன.

பூம்பாறை என்பது கொடைக்கானலில் ஓர் இடமா, தனி ஊரா? கொடைக்கானலிலேயே தங்கிவிட்டுப் பார்த்து வந்தால் போதாதா?

தனி ஊர். திண்டுக்கல் மாவட்டத்துப் பழனி மலைத்தொடரில், கொடைக்கானல் நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், மன்னவனூருக்குப் போகும் சாலையில் இருக்கிறது. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்த வயல்களில் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் ஆகியவற்றைப் பயிரிடும் உழவர்களின் ஊர் அது. சுற்றுலாவுக்காக உருவான இடம் அன்று என்பதை முதலிலேயே மனத்தில் கொண்டால், பின்னால் வரும் பல ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம்.

கொடைக்கானலில் தங்கிப் பார்த்து வருகிறவர்கள் பெரும்பாலும் சாலையோரக் காட்சிமுனையில் இறங்கி, கீழே தெரியும் ஊரைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவ்வளவு போதும் என்றால் அங்கே தங்க வேண்டியதில்லை. காலையில் மூடுபனி விலகும்போது வயல்களுக்கிடையே நடக்கவும், அவசரமில்லாமல் தோழிகளோடு உட்கார்ந்து பேசவும்தான் போகிறீர்கள் என்றால், ஊரிலேயே தங்குவதுதான் பொருத்தம்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

ஊரில் இரண்டு இரவுகளும், போய்வர முன்னும் பின்னும் ஒவ்வோர் இரவும் தேவைப்படும். ஒரே இரவில் முடிக்கப் பார்த்தால் மலை ஏறி இறங்கிய களைப்புதான் மிஞ்சும். மூன்றாவது இரவு கிடைத்தால் வேறு ஊருக்கு மாற வேண்டாம் என்பது என் கருத்து. பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதிலேயே அரை நாள் போய்விடும்.

எந்த மாதம் போவது நல்லது? குறிஞ்சிப் பூ இப்போது பார்க்கக் கிடைக்குமா?

ஏப்ரல், மே மாதங்கள்தாம் கொடைக்கானலின் சீசன். அப்போது பிள்ளைகளுக்கு விடுமுறை என்பதால் அம்மாக்களுக்கு வேறு வழி இருக்காது. ஆனால் நெரிசலும் வாடகையும் உச்சத்தில் இருக்கும் காலமும் அதுவே. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையின் சாரலும் மூடுபனியும் விட்டுவிட்டு வரும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை இந்த மலையில் வலுவாகப் பெய்யும், மலைப்பாதையில் மண் சரியும் வாய்ப்பும் அப்போதுதான் கூடுதல். டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை வானம் தெளிந்திருக்கும், ஆனால் இரவில் புல்வெளிகளில் உறைபனி படியும் அளவுக்குக் குளிரும்.

தேர்வு நெருக்கடியோ குழந்தைகளின் பள்ளி நாளோ தடையில்லாதவர்களுக்கு ஜனவரி பிற்பகுதியையும் பிப்ரவரியையும் பரிந்துரைப்பேன். பொங்கல் விடுமுறை நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள். வார நாட்களில் போக முடிந்தால் பாதிச் சிக்கல்கள் தாமாகவே நீங்கிவிடும்.

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூப்பது. இந்த மலைகளில் 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்து 2030-இல் எதிர்பார்க்கலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆங்காங்கே பூக்கும் வேறு குறிஞ்சி வகைகளைக் காட்டி 'குறிஞ்சி சீசன்' என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பிப் பயணத் தேதியை மாற்ற வேண்டாம்.

குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்?

நான்கு முதல் ஆறு பேர் வரை. காரணம் எளியது: ஒரே வண்டியில் ஏறலாம், ஒரே வீட்டில் தங்கலாம், சாப்பிடப் போனால் இடத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பத்துப் பேரானால் இரண்டு வண்டி, இரண்டு வீடு என்று பிரிந்து, பயணத்தில் பாதி நேரம் மற்ற வண்டி எங்கே வருகிறது என்று கேட்பதிலேயே கழியும்.

'பெண்கள் மட்டுமா? துணைக்கு ஆண் யாரும் இல்லையா?' என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்லி அனுமதி வாங்குவது?

'பயப்படாதீர்கள்' என்று சொல்வதால் எந்தத் தாயின் பயமும் போவதில்லை. தங்குமிடத்தின் முகவரி, அதை நடத்துகிறவரின் தொலைபேசி எண், ரயில் பயணச்சீட்டின் நகல், வண்டி எண், ஓட்டுநர் பெயர், உடன் வருபவர்களின் வீட்டு எண்கள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். 'எங்கே, யாரோடு, எப்படி' என்ற கேள்விகளுக்கு விடை எழுத்தில் இருந்தால் பேச்சு வேறு திசையில் போகும். ஒருத்தியின் அம்மா இன்னொருத்தியின் அம்மாவோடு ஒரு முறை பேசிவிட்டால், அதன் பிறகு உங்களுக்கு வேலையே இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையில் பல இடங்களில் அலைபேசித் தொடர்பு கிடைக்காது. ஒரு நிறுவனத்தின் அலைவரிசை எட்டும் இடத்தில் மற்றொன்று எட்டாது. ஆகவே 'காலையில் ஒரு முறை, இரவு சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை அழைப்பேன். இடையில் எடுக்கவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம்' என்று முன்னதாகவே சொல்லி வையுங்கள். குழுவில் குறைந்தது இரண்டு நிறுவனங்களின் சிம் இருப்பது நல்லது. பொய் சொல்லிவிட்டுப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் விடை, வேண்டாம் என்பதுதான். அவசரம் என்று வந்தால் உதவ வேண்டியவர்களுக்கே நீங்கள் இருக்கும் இடம் தெரியாமல் போகும்.

சென்னையிலிருந்து எப்படிப் போவது?

எழும்பூரிலிருந்து இரவில் புறப்படும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் நிற்கும். பெயரைப் பார்த்து மலை அருகிலிருப்பதாக எண்ண வேண்டாம். அம்மையநாயக்கனூரில் இருக்கும் அந்த நிலையத்திலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். இருட்டில் இறங்க நேர்ந்தால் உடனே வண்டி பேசிக் கிளம்பாமல், பயணிகள் காத்திருப்பு அறையில் இருந்து, விடிந்தபின் புறப்படுங்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பழனி வழி பொருந்தும்; பழனியிலிருந்து மலைப்பாதை 64 கிலோமீட்டர் அளவில் இருக்கும். விமானத்தில் வருகிறவர்களுக்கு மதுரை அருகில்.

ரயிலில் பலரும் கவனிக்காத ஒரு வசதி இருக்கிறது. நெடுந்தொலைவு விரைவு ரயில்களின் படுக்கை வகுப்பில் பெண்களுக்கென்று ஆறு படுக்கைகள் தனி ஒதுக்கீட்டில் உள்ளன. தனியாகப் போகும் பெண்ணும், பெண்கள் மட்டுமே கொண்ட குழுவும், வயது வேறுபாடின்றி அதில் பதிவு செய்யலாம். இணையத்தில் பதிவு செய்யும்போது பொது ஒதுக்கீட்டுக்குப் பதிலாக மகளிர் ஒதுக்கீட்டைத் தெரிவு செய்ய வேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது என்பதால், தேதியை அதற்கேற்ப முடிவு செய்யுங்கள்.

இ-பாஸ் என்கிறார்களே, அது ஆளுக்கா, வண்டிக்கா?

வண்டிக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வாகனங்கள் இணையத்தில் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் நாள் ஒன்றுக்கு இத்தனை வண்டிகள் என்று வரம்பும் வந்தது; கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வாடகைக் கார் என்றால் பாஸை எடுக்கப் போவது ஓட்டுநரா, நீங்களா என்பதை முந்தைய நாளே பேசிக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் ஒருவரை ஒருவர் கை காட்டிக்கொண்டு நிற்பது வழக்கமான காட்சி.

சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கும் கொடைக்கானலில் தடை இருக்கிறது. சோதனைச் சாவடியில் வண்டியைப் பார்ப்பார்கள். ஆளுக்கு ஓர் எவர்சில்வர் புட்டி எடுத்துக்கொண்டால் போதும்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்குப் பேருந்தில் போகலாமா, கார் பேச வேண்டுமா?

மன்னவனூர், பூண்டி, கிளாவரை பக்கம் போகும் அரசுப் பேருந்துகள் பூம்பாறை வழியாகப் போகின்றன. ஒரு மணி நேர அளவில் ஊரை அடையலாம். நகரத்தில் ஓடுவதுபோல அடிக்கடி பேருந்து இருக்காது என்பதால், கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் இறங்கியவுடனே நேரம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவதற்கான கடைசிப் பேருந்தையும் சேர்த்துக் கேளுங்கள். பெண்கள் அரசுப் பேருந்தில் கட்டணமின்றிப் போகும் மகளிர் விடியல் பயணத் திட்டத்தை மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்குவதாக 2024-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். நீங்கள் ஏறும் பேருந்து அதில் அடங்குமா என்பதை நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

கார் என்றால் மஞ்சள் பலகை வண்டியாக இருக்கட்டும். வெள்ளைப் பலகை என்றால் அது சொந்தப் பயன்பாட்டுக்கானது. அதை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு, விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். வண்டி எண்ணைப் படம் எடுத்து, ஓட்டுநரின் கண் முன்னாலேயே வீட்டுக்கு அனுப்புங்கள். நல்ல ஓட்டுநர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். தங்குமிடத்தாரே அனுப்பும் உள்ளூர் ஓட்டுநர் கிடைத்தால் அவரையே இரண்டு நாளைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளையும் பனியையும் அறிந்தவராக இருப்பார்.

எங்களில் ஒருத்தி நன்றாகக் கார் ஓட்டுவாள். அவளே ஓட்டி வரலாமா?

மலைப்பாதையில் ஓட்டிப் பழக்கம் இருந்தால் தாராளமாக வரலாம். சென்னை நெரிசலில் ஓட்டுகிற திறமையும் கொண்டை ஊசி வளைவில் ஓட்டுகிற திறமையும் வேறு வேறு. குறுகிய பாதையில் மேலே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவே ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே அளவு தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது பெரும் ஆபத்து.

மாலை ஐந்து மணிக்குள் தங்குமிடத்தில் இருக்குமாறு கிளம்புங்கள். நேரம் தவறினால் கொடைக்கானலிலேயே அன்றிரவு தங்கிவிட்டு மறுநாள் காலை வருவதுதான் சரி. பூம்பாறைச் சாலையில் இரவில் பனி இறங்கினால் வெள்ளைக் கோடுகூடத் தெரியாது. வாந்தி வருகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, மலை ஏறத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அந்த மாத்திரைகளில் பலவும் தூக்கம் வரவழைப்பவை. எனவே ஓட்டுகிறவர் போடக் கூடாது.

தங்குமிடத்தை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? படங்கள் எல்லாமே அழகாகத்தான் இருக்கின்றன.

படத்தை ஒதுக்கிவிட்டுத் தொலைபேசியில் பேசுங்கள். அறைக் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, வெந்நீர் எந்த நேரம் வரும், மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு உண்டா, வண்டி வாசல்வரை வருமா அல்லது பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரிவில் நடக்க வேண்டுமா, அதே வளாகத்தில் அன்று வேறு யார் தங்குகிறார்கள், இரவில் பொறுப்பாளர் அங்கேயே இருப்பாரா என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். குடும்பமாக வாழ்ந்துகொண்டு ஒரு பகுதியை வாடகைக்கு விடுகிறவர்களின் வீடு கிடைத்தால், காட்சி சற்றுக் குறைவாக இருந்தாலும் அதையே நான் தேர்வேன். அந்த வீட்டு அக்காவிடம் கேட்டால் தீராத ஐயம் ஏதும் இருக்காது.

குளிர் ஊர்களில் ஓர் ஆபத்தைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. அதனால் நானே எழுதுகிறேன். குளிருக்காகக் கரி அடுப்பையோ அணையாத கங்குகளையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்துதான். குளிக்கும்போது தலை சுற்றினால் உடனே கதவைத் திறந்து வெளியே வர வேண்டும். தீ மூட்டிக் குளிர் காய்வது வீட்டு முற்றத்தில், பொறுப்பாளர் அனுமதியோடு மட்டும்.

கூடாரத்தில் தங்கலாமா? விலையும் குறைவு, படமும் நன்றாக வரும்.

என் விடை வேண்டாம் என்பதே. காட்டோரம் கூடாரம் அடித்து ஆட்களைத் தங்கவைப்பதற்குப் பல இடங்களில் அனுமதியே கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் இருக்கும்போது அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் நள்ளிரவில் வெளியேற வேண்டியிருக்கும். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், விடுதி ஒன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி இறந்தார். துணிச் சுவருக்குத் தாழ்ப்பாளும் இல்லை என்பதை முந்தைய விடையோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூம்பாறை பெண்களுக்குப் பாதுகாப்பான ஊரா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஊரைப் பொறுத்தவரை ஆம். விடியற்காலையில் பெண்கள் தோட்ட வேலைக்குத் தனியாக நடந்து போகும் ஊர் அது. தொல்லை வருமானால் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து குடித்துவிட்டுச் சாலையோரத்திலும் காட்சிமுனைகளிலும் ஆட்டம் போடும் சுற்றுலாக் கூட்டத்திடமிருந்துதான் வரும். அதனால் காட்சிமுனைகளுக்குக் காலையில் போங்கள், மாலையில் ஊருக்குள் இருங்கள், அடுத்த அறையில் தங்கியிருப்பவர்களிடம் உங்கள் மறுநாள் திட்டத்தைச் சொல்லாதீர்கள், நீங்கள் இருக்கும் இடத்தைப் படத்தோடு உடனுக்குடன் பொதுவில் பகிராமல் வீடு திரும்பிய பின் பகிருங்கள்.

அவசர உதவிக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181, ஆம்புலன்சுக்கு 108. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியையும் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே இறக்கிப் பதிந்துகொண்டு வாருங்கள். மலையில் இணையம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது. சிறு தொல்லைகளுக்கு இவை எல்லாவற்றையும்விட விரைவாகப் பயன்படுவது வீட்டுப் பொறுப்பாளரை ஓர் அழைப்பில் வரவழைப்பது.

காட்டுமாடு ஊருக்குள் வருமாமே?

வரும். காட்டெருமை என்றும் சொல்வார்கள். ஓர் ஆள் உயரத்துக்கு இருக்கும். கொடைக்கானல் நகரத் தெருக்களிலேயே நடமாடுகிறது. பார்ப்பதற்குச் சாதுவாக மேய்ந்துகொண்டிருந்தாலும் அருகில் போனால் முட்டித் தூக்கிவிடும். எதிரில் கண்டால் கத்தாமல், ஓடாமல், அதற்கு விலகிப் போக வழிவிட்டுப் பின்வாங்குங்கள். அதனோடு செல்ஃபி எடுக்க முயல்வதுதான் மிகப் பெரிய தவறு. இருட்டியபின் அடுத்த வீட்டுக்குப் போவதானாலும் டார்ச் இல்லாமல் இறங்க வேண்டாம்.

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு நாங்களாகவே மலையேற்றம் போகலாமா?

வெள்ளகவி, நெடுங்காலம் சாலையே இல்லாமல் இருந்த ஊர். தெய்வங்கள் குடியிருக்கும் ஊர் என்பதால் ஊருக்குள் செருப்பு அணிய மாட்டார்கள். போகிறவர்களும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பாதை செங்குத்தாக இறங்குவது. இறங்குவதைவிடத் திரும்ப ஏறுவதுதான் முழங்காலைச் சோதிக்கும். காட்டு வழிகளில் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகக் கூடாது.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் மகளிர் தினத்தையொட்டிச் சென்னையிலிருந்து வந்திருந்த குழுவினர். அதன் பிறகு அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து கிடக்கும் தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். நான் மூன்றாவது விடையில் பரிந்துரைத்த பிப்ரவரிக்கும் இது பொருந்தும் என்பதைக் கவனியுங்கள். மலையேற்றமே நோக்கம் என்றால், 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு போகும் 40 பாதைகள் இருக்கின்றன. அதில் பதிவு செய்யுங்கள்.

உயரத்தில் மூச்சுத் திணறுமா? எங்கள் குழுவில் ஒருத்திக்கு ஆஸ்துமா.

கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரம். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 8,000 அடிக்கு மேல்தான் தலைகாட்டும் என்பதால் நலமாக இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. ஆஸ்துமா உள்ளவருக்குக் குளிர்ந்த காற்றும் விறகுப் புகையும் தொல்லை தரலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு, இன்ஹேலரைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டு வரட்டும். ஊரில் பெரிய மருத்துவமனை இல்லை. கொடைக்கானலுக்குத்தான் வர வேண்டும்.

போகிற நாளில் மாதவிடாய் வந்தால் என்ன செய்வது?

பயணத்தைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை. தேவையானவற்றை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வகை மலைக் கடைகளில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பயன்படுத்திய நாப்கினைக் காகிதத்தில் சுற்றி, தனிப்பையில் வைத்துத் தங்குமிடத்தில் அவர்கள் சொல்லும் தொட்டியில் போடுங்கள். கழிப்பறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும், வயலோரம் எறிந்தால் காட்டுப்பன்றியும் நாயும் இழுத்துத் தெருவில் போடும். வழியில் சுத்தமான கழிப்பறை கிடைப்பதுதான் உண்மையான சிக்கல் என்பதால், மலை ஏறும் முன் வத்தலக்குண்டிலோ பழனியிலோ நல்ல உணவகம் ஒன்றில் நிறுத்தி, எல்லோரும் ஒரு முறை போய்வருவதை வழக்கமாக்குங்கள்.

கோயிலுக்குப் போவது பற்றியும் கேட்கிறார்கள். அது அவரவர் பழக்கம். ஆனால் அன்று உள்ளே வராதவள் காரணம் சொல்ல வேண்டிய நிலை வராமல், 'விரும்புகிறவர்கள் போகலாம், மற்றவர்கள் டீக்கடையில் இருக்கலாம்' என்று திட்டத்திலேயே போட்டுவிடுங்கள்.

அங்கே போய் என்னதான் பார்ப்பது?

குழந்தை வேலப்பர் கோயில் ஊரின் நடுவில் இருக்கிறது. முருகன் திருவுருவத்தைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது பழனியைப் போலவே இங்கும் நிலவும் நம்பிக்கை. தை, மாசி மாதங்களில் நடக்கும் தேரோட்டத்தில், தெரு ஏற்ற இறக்கமாக இருப்பதால் தேரின் முன்னும் பின்னும் வடம் கட்டி இழுப்பார்கள். அந்த நாட்களில் அறை கிடைப்பது அரிது, கிடைத்தால் விடாதீர்கள்.

ஊரின் பெருமை பூண்டுதான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாட்டுப்பூண்டைவிடக் காரமும் மணமும் தூக்கலாக இருக்கும், பத்தியச் சமையலுக்கு விரும்பி வாங்குவார்கள். நடவு, அறுவடைப் பருவத்துக்கேற்ப வயலின் தோற்றம் மாறும் என்பதால், யாரோ எடுத்த படத்தில் கண்ட பச்சைப்படிகள் நீங்கள் போகும்போது வெறும் செம்மண்ணாகவும் இருக்கலாம். அதுவும் பார்க்க நன்றாகவே இருக்கும். அதே சாலையில் மேலே போனால் மன்னவனூரில் வனத்துறை நடத்தும் ஏரிச் சுற்றுலாவும், மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணையும் இருக்கின்றன. அந்தப் பக்கத்திலேயே கூக்கால் ஏரியும் உண்டு. இவற்றுக்கு ஒரு பகல் போதும். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் அதை இந்தப் பயணத்தில் சேர்க்காமல் விடுவதே மேல்.

ஊர்க்காரர்களைப் படம் எடுத்தால் கோபப்படுவார்களா?

கேட்காமல் எடுத்தால் கோபம் வருவது இயல்பு. பூண்டு கட்டிக்கொண்டிருக்கும் பாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, 'ஒரு படம் எடுத்துக்கலாமா பாட்டி?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். படத்துக்காக வயலுக்குள் இறங்கக் கூடாது. படிவயலின் வரப்பு மிதிபட்டுச் சரிந்தால் அடுத்த மழையில் கீழ்ப் படியின் மண்ணும் சேர்ந்து போகும். பூண்டு வாங்குவதானால் விளைவித்தவர்களிடமே வாங்குங்கள், ஆனால் ஒரு கிலோ வாங்கிவிட்டு ஒரு மணி நேரம் பேரம் பேசாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் பாட்டுப் பெட்டி அலறினால் விடிகாலை எழ வேண்டியவர்களுக்குத் தூக்கம் கெடும்.

உடை குறித்துத் தனியாகக் கேட்கிறார்கள். குளிரே அதைத் தீர்மானித்துவிடும்: ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, காலுறை, வழுக்காத ஷூ, மழைக்காலத்தில் மழைக்கோட்டு. பருத்திச் சால்வை ஒன்று மட்டும் போதும் என்று வந்து நடுங்கியவர்கள் நிறைய.

பணத்தை எப்படிப் பங்கிடுவது? கடைசி நேரத்தில் ஒருத்தி விலகினால் யார் தலையில் விழும்?

நட்பைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த ஒன்றுதான். அறை, வண்டி இரண்டும் பொதுச் செலவு. வந்தாலும் வராவிட்டாலும் ஒப்புக்கொண்டவர்கள் எல்லோருக்கும் சமப்பங்கு உண்டு. சாப்பாடு, நுழைவுக் கட்டணம் ஆகியவை வந்தவர்களுக்கு மட்டும். இந்த விதியை முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். விலகுகிறவள் தனக்குப் பதிலாக எல்லோரும் ஏற்கும் இன்னொருத்தியை அனுப்பினால் அவளுடைய பங்கு அவளுக்குத் திரும்பும்.

மாணவியும் சம்பாதிக்கிறவளும் ஒரே குழுவில் இருந்தால், குறைவாகச் செலவழிக்க முடிந்தவளின் அளவை வைத்தே அறையைத் தேர்ந்தெடுங்கள். பொதுப்பணத்தை ஒருத்தி வைத்திருக்க, கணக்கை இன்னொருத்தி எழுதட்டும். கொடைக்கானலிலேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்பு இல்லாத இடத்தில் கைபேசிப் பணம் செல்லாது.

'காளான் வேண்டுமா' என்று யாராவது கேட்டால்?

கேட்பார்கள், பேச்சை வளர்க்காமல் நகர்ந்துவிடுங்கள். போதைக்காளானை விற்பது மட்டுமின்றி வைத்திருப்பதும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றம். குழுவில் ஒருத்தி வைத்திருந்தாலும் அறையில் இருக்கும் அனைவரும் விசாரணைக்கு ஆளாவீர்கள். அதற்குப் பதிலாக விஷக்காளானைக் கொடுத்தாலும் உங்களுக்குத் தெரியாது.

கனமழை எச்சரிக்கை வந்துவிட்டது, முன்பணமும் கட்டிவிட்டோம். போகலாமா, வேண்டாமா?

இந்திய வானிலை ஆய்வு மையம் திண்டுக்கல் அல்லது தேனி மாவட்டத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் போக வேண்டாம். மஞ்சள் என்றால் தங்குமிடத்தாரை அழைத்து, மலைப்பாதையில் மண் சரிவோ மரம் விழுந்த தடையோ இருக்கிறதா என்று கேட்டு முடிவெடுங்கள். முன்பணத்துக்காகப் போகிறோம் என்ற பேச்சு குழுவில் எழாமலிருக்க, பதிவு செய்யும்போதே 'எச்சரிக்கை வந்தால் தேதியை மாற்றித் தருவீர்களா' என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பித் தர மறுப்பவர்களும் தேதி மாற்றத்துக்குப் பெரும்பாலும் இணங்குவார்கள்.

மேலே போன பிறகு மழை பிடித்துக்கொண்டால் இறங்க அவசரப்படாதீர்கள். வீட்டுக்குள் இருப்பதே பாதுகாப்பு; மழை விட்டு, பகலில், பாதை திறந்ததை உறுதி செய்துகொண்டு இறங்கலாம். அதற்காகத்தான் திரும்பும் ரயிலுக்கும் வேலைக்குச் சேரும் நாளுக்கும் இடையில் ஒரு நாள் விட்டுப் பதிவு செய்யுங்கள் என்கிறேன். ஒரு நாளுக்கான மருந்தும், வீட்டில் விட்டு வந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் கூடுதலாக இருக்கட்டும்.